ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை எழுதாமல்

கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி எத்தனை உருவங்கள் வரைய முடிகிறது என்று பாருங்கள். சுழற்றினாலோ கவிழ்த்துப் போட்டாலோ ஒன்றாகிவிடுகிறவற்றை ஒரே உருவமாகத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். நேர்க்கோடு, சிலுவை, படிக்கட்டு, தொட்டி என்று முதல் ஏழெட்டு உருவங்கள் மளமளவென்று வந்து விழும். அதற்குப் பிறகு கை தயங்கும். இதை நண்பர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பதினொன்றில் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது பதின்மூன்று வரைந்துவிட்டு, அவற்றில் இரண்டு ஒன்றேதான் என்று காட்டியதும் திகைக்கிறார்கள். சரியான எண்ணிக்கை 12.

அந்த 12-ஐவிட அதற்கு அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதின்மூன்றாவது கிடையாது என்பது எப்படித் தெரியும்? ‘நன்றாகத் தேடினேன், கிடைக்கவில்லை’ என்பது பதிலாகாது. வடிவியலில் ஒரு வகைப் பொருள்கள் அனைத்தையும் முற்றாகப் பட்டியலிடும் அல்காரிதங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே உருவானவை. ஒரு பட்டியல் இரண்டு விதமாகக் கெடலாம்: ஏதாவது விடுபடலாம், ஏதாவது இரண்டு முறை வரலாம். விடுபட்டுவிடுமோ என்று எல்லா வழிகளிலும் தேடினால் ஒரே உருவம் பல வழிகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இரட்டிப்புக்குப் பயந்து வழிகளை அடைத்தால், அடைத்த வழியில் மட்டுமே வரக்கூடிய உருவம் போய்விடும். இரண்டையும் ஒருசேரத் தவிர்ப்பதுதான் இந்தத் துறையின் முழு உழைப்பும்.

எழுத்து வரிசைகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. சமஸ்கிருத யாப்பில் பிங்கலர் மரபு பிரஸ்தாரம் என்ற முறையை வகுத்தது. மூன்று எழுத்துகளில் லகுவும் (குறுகிய அசை) குருவும் (நீண்ட அசை) அமையக்கூடிய எட்டு வகைகளையும் அது வரிசையாக எழுதிக் காட்டும். எத்தனையாவது வரி என்று சொன்னால் அமைப்பைக் கண்டுபிடிக்கவும், அமைப்பைச் சொன்னால் வரி எண்ணைக் கண்டுபிடிக்கவும் அந்த மரபிலேயே வழி இருந்தது. அகராதியில் சொல்லுக்கு இருப்பதுபோல ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் இடம் உண்டு. அதனால் விடுபடவும் முடியாது, இரட்டிக்கவும் முடியாது. வடிவங்களுக்கு அப்படிப்பட்ட அகராதி இல்லை. தாளைத் திருப்பினால் மேலே இருந்தது பக்கவாட்டில் போய்விடுகிறது. முதல் சதுரம் எது, கடைசிச் சதுரம் எது என்று சொல்ல முடியவில்லை.

நிபுணர்களே இதில் தவறியிருக்கிறார்கள். ஒரே குவிவு ஐங்கோணத்தின் (எந்த மூலையும் உள்நோக்கி மடியாத ஐங்கோணம்) நகல்களைக் கொண்டு இடைவெளியின்றித் தளம் பாவ வேண்டுமானால் எந்தெந்த வகை ஐங்கோணங்கள் பொருந்தும் என்பது கேள்வி. 1918-இல் கார்ல் ரைன்ஹார்ட் ஐந்து வகைகளைத் தந்தார். 1968-இல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் இன்னும் மூன்றைச் சேர்த்து, பட்டியல் எட்டோடு நிறைவடைந்தது என்று அறிவித்தார். 1975-இல் ஓர் அறிவியல் இதழின் கணிதப் பத்தி இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றதும் ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற வாசகர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்தார். அதே பத்தியைப் படித்த மார்ஜோரி ரைஸ், சான் டியேகோவில் வசித்த இல்லத்தரசி. பள்ளிப் படிப்போடு கணிதத்தை நிறுத்தியவர். தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டு, ஐங்கோணங்களின் மூலைகள் ஒரு புள்ளியில் எப்படியெல்லாம் கூடலாம் என்று ஒழுங்காக ஆராய்ந்து, சில ஆண்டுகளுக்குள் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். பதினான்காவது 1985-இல் வந்தது. பதினைந்தாவதை 2015-இல் கேசி மான், ஜெனிஃபர் மெக்லவுட்-மான், டேவிட் வான் டெராவ் மூவரும் கணினித் தேடல் மூலம் கண்டுபிடித்தார்கள்.

ரைஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் இல்லத்தரசி என்பதை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரது முறையைத்தான் வியக்க வேண்டும் என்பேன். அவர் அழகான வடிவங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சாத்தியங்களை வகை பிரித்து ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போனார். 2017-இல் பிரான்சின் மிக்காயெல் ராவ் இந்த வழக்கை முடித்ததாக அறிவித்தபோதும் அடிப்படை அணுகுமுறை அதுதான். மூலைகள் கூடும் விதங்களின் தொகுப்புகளில் 371-ஐ மட்டும் பார்த்தால் போதும் என்று முதலில் நிரூபித்தார். பிறகு அந்த 371-இல் ஒவ்வொன்றையும் கணினி முற்றாக ஆராய்ந்தது. பதினைந்துக்கு வெளியே எதுவும் கிடைக்கவில்லை. இங்கே ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘கிடையாது’ என்றே பொருள். கெர்ஷ்னரின் அறிவிப்புக்கு அந்த உறுதி இருக்கவில்லை.

இனி, முற்றாக ஆராய்வது எப்படி என்பதற்கு வருவோம். முதலில் தோன்றும் வழி இது: நான்கு சதுர உருவங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு சதுரத்தை எல்லா இடங்களிலும் ஒட்டிப் பார், வந்தது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று தேடு, இல்லாவிட்டால் எழுதிக்கொள். இதில் எதுவும் விடுபடாது. ஐந்து சதுர உருவம் எதுவாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு சதுரத்தை உருவம் துண்டாகாமல் எடுத்துவிட முடியும் என்பதே காரணம். இரட்டிப்பையும் பட்டியல் தடுத்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டுமே! பத்துச் சதுரங்களுக்கு 4,655 உருவங்கள். இருபதுக்கு 287 கோடிக்கும் மேல். ஒவ்வொரு புது உருவத்தையும் 287 கோடியோடு ஒப்பிடும் முறை நெடுந்தூரம் போகாது.

1981-இல் ஹ்யூ ரெடல்மையர் கொடுத்த வழியில் பட்டியலே தேவைப்படவில்லை. சுழற்சியை இப்போதைக்கு மறந்துவிட்டு, திசை மாறினால் வேறு உருவம் என்று வைத்துக்கொள்வோம். உருவத்தின் கீழ்வரிசையில் இடது ஓரச் சதுரத்திலிருந்து தொடங்குகிறோம். ஒட்டக்கூடிய பக்கத்துச் சதுரங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்றை எடுத்துக் கேட்கிறோம்: சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தால் அதன் புது அண்டைச் சதுரங்களும் வரிசையில் வந்து நிற்கும். விட்டுவிட்டால் அந்தக் கிளை முழுவதும் அது விடப்பட்டதுதான். பின்னால் மனம் மாறி அதைச் சேர்ப்பது கிடையாது. எடுத்தது எடுத்ததுதான், விட்டது விட்டதுதான் என்ற இந்தக் கறார்த்தனம் இரட்டிப்பை அறவே ஒழித்துவிடுகிறது. ஓர் உருவத்துக்கு ஒரே ஒரு ‘சேர்–விடு’ வரிசைதான் இருக்க முடியும்.

இப்படி எண்ணினால் ஐந்து சதுரங்களுக்கு 63 உருவங்கள் கிடைக்கும். அதை நம்முடைய 12-ஓடு ஒத்துப் பார்க்கலாம். பன்னிரண்டில் ஐந்து உருவங்களுக்குச் சமச்சீர் எதுவும் இல்லை. அவை ஒவ்வொன்றும் எட்டுத் தோற்றங்கள் காட்டும், ஆக 40. இன்னோர் ஐந்து உருவங்களுக்கு நான்கு தோற்றங்கள் வீதம் 20. நேர்க்கோட்டுக்கு இரண்டு. சிலுவைக்கு ஒன்று. கூட்டினால் 63. பதினோர் உருவங்களோடு நிறுத்தியவருக்கு இந்தக் கூட்டல் இடித்துக் காட்டியிருக்கும். வெவ்வேறு இரண்டு வழிகளில் வந்த எண்கள் சந்திக்கும் இந்தக் கணத்தில் எனக்குக் கிடைக்கும் நிம்மதி, கடைக்கணக்கு ஐந்தொகையில் நேராகிற நிம்மதிதான்.

ரெடல்மையரின் முறைக்குள் இருக்கும் கருத்தை அதைவிடப் பொதுவாகச் சொல்லலாம்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு தாயை நியமித்துவிடு. தாய்க்குத் தாய், அவளுக்குத் தாய் என்று மேலே போனால் எல்லாரும் ஒரே மூதாயிடம் வந்து சேர வேண்டும். அப்படியானால் பொருள்கள் அனைத்தும் ஒரே குடும்ப மரம். வேரிலிருந்து கிளை கிளையாகப் போனால் எல்லாரையும் பார்த்துவிடலாம், யாரையும் இருமுறை பார்க்க மாட்டோம். இதை வடிவியலில் பெரிய கருவியாக்கியவர்கள் டேவிட் அவிஸும் கோமெய் ஃபுகுடாவும். 1992-இலும் 1996-இலும் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் ‘எதிர்த்திசைத் தேடல்’ எனலாம்.

பெயர்க் காரணம் சுவையானது. நேரியல் திட்டமிடலில் (நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணிதத்தில்) சிம்ப்ளெக்ஸ் என்ற பழைய முறை ஒரு பன்முகத் திண்மத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தொடங்கி, விளிம்பு விளிம்பாக நடந்து, மிகச் சிறந்த மூலையைச் சென்றடைகிறது. அடுத்த மூலையைத் தேர்வதற்கு ராபர்ட் பிளாண்ட் 1977-இல் கொடுத்த கண்டிப்பான விதியைப் பின்பற்றினால், எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் போகும் பாதை ஒன்றே ஒன்றுதான். எல்லா வரத்துக் கால்வாய்களும் ஒரே ஏரியில் வந்து விழுவதுபோல எல்லாப் பாதைகளும் அந்தச் சிறந்த மூலையில் விழுகின்றன. அவிஸும் ஃபுகுடாவும் ஏரியிலிருந்து கால்வாய்களை எதிர்த்து நடந்தார்கள். ஒவ்வொரு கால்வாயின் தலைமாடு வரை போய்த் திரும்பினால் எல்லா மூலைகளும் வந்தாயிற்று.

கையால் செய்து பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு அறுங்கோணம். அதன் மூலைகளுக்கு 1 முதல் 6 வரை சுற்றிவர எண் இடுங்கள். ஒன்றையொன்று வெட்டாத மூன்று மூலைவிட்டங்கள் போட்டால் அறுங்கோணம் நான்கு முக்கோணங்களாகப் பிரியும். இப்படி 14 விதமாகப் பிரிக்கலாம். (பலகோணங்களுக்கான இந்த எண்ணிக்கைகளை 1751-இல் ஆய்லர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் தந்திருக்கிறார்.) ஒரு பிரிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எளிது: இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த நாற்கரத்தில் இருக்கும் மூலைவிட்டத்தை அழித்து, மற்ற மூலைவிட்டத்தைப் போட வேண்டும். இதைப் புரட்டு என்போம்.

மூதாய் யார்? மூலை 1-இலிருந்தே எல்லாக் கோடுகளும் விசிறியாகப் புறப்படும் பிரிப்பு: 13, 14, 15. (13 என்றால் மூலை 1-ஐயும் மூலை 3-ஐயும் இணைக்கும் கோடு; மற்றவையும் அப்படியே.) மற்ற பிரிப்பு எதிலும், மூலை 1-ஐக் கொண்ட ஏதாவது ஒரு முக்கோணத்தின் எதிர்ப்பக்கம் ஒரு மூலைவிட்டமாக இருக்கும். அதைப் புரட்டினால் மூலை 1-க்கு ஒரு கோடு கூடும். அப்படிப்பட்ட எதிர்ப்பக்கங்கள் பல இருந்தால், மிகச் சிறிய எண்ணில் தொடங்குவதைப் புரட்டு. அதில் கிடைப்பதே தாய். விதி இவ்வளவுதான். ஒவ்வொரு புரட்டிலும் மூலை 1-க்கு ஒரு கோடு கூடுவதால், மூன்று தலைமுறைக்குள் விசிறியை அடைந்தே தீர வேண்டும்.

இப்போது 14, 24, 46 என்ற கோடுகள் கொண்ட பிரிப்பைப் பாருங்கள். இதற்கு அண்டையில் தாயாகத் தகுந்த இருவர் இருக்கிறார்கள். 24-ஐப் புரட்டினால் 13, 14, 46 வரும். 46-ஐப் புரட்டினால் 14, 15, 24 வரும். விதி 24-ஐத்தான் புரட்டச் சொல்கிறது; ஆகவே தாய் 13, 14, 46 மட்டுமே. தேடல் 14, 15, 24-இல் நிற்கும்போதும் ஒரு புரட்டில் இந்தப் பிரிப்பு கிடைக்கும். அல்காரிதம் உடனே கேட்கும்: உன் தாய் நான்தானா? விதியைப் போட்டுப் பார்த்தால் இல்லை என்று வரும். விட்டுவிட்டு அடுத்த புரட்டுக்குப் போகும். பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. மொத்த மரத்தையும் எழுதினால் தலைமுறைகளில் 1, 3, 5, 5 பேர் இருப்பார்கள். கூட்டினால் 14.

எண்ணிக்கை பதினான்காக இருக்கும்போது இதன் அருமை தெரியாது. இருபது மூலைகள் கொண்ட பலகோணத்துக்கு 47 கோடியே 76 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிப்புகள் உண்டு. அவை அனைத்தையும் கடந்துபோகும்போதும், அல்காரிதம் தன் நினைவில் வைத்திருப்பது இப்போது நிற்கும் ஒரே ஒரு பிரிப்பைத்தான். மேலே திரும்ப வேண்டுமென்றால் தாய் விதியைப் போட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளும். வந்த வழியைக்கூட எழுதிவைக்க வேண்டாம். ஒரு கிளைக்கு இன்னொரு கிளையின் செய்தி தேவையில்லை என்பதால் மரத்தை வெட்டிப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். இதற்குக் கொடுக்கும் விலை நேரம்: அண்டை வீடு ஒவ்வொன்றிலும் ‘உன் தாய் யார்’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நினைவகம் நிரம்பி நின்றுபோகும் நிரலைவிட, மெதுவாகவேனும் முடியும் நிரலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மூலைகளுக்கு எண் இட்டதால் அறுங்கோணத்தில் தப்பித்தோம். சுழற்றினாலும் கவிழ்த்தாலும் ஒன்றே என்று கொண்டால் தாய் விதியே நழுவுகிறது, ஏனென்றால் ‘சிறிய எண்’ என்று எதையும் சொல்ல முடியாது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் மெக்கே இதற்கு ஒரு பொது வழி தந்தார். மறுபடியும் சதுரங்களுக்குப் போவோம். மேலே மூன்று சதுரம், நடுவிலிருந்து கீழே இரண்டு சதுரம் தொங்கும் சுத்தியல் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் நுனியை எடுத்தால் ஒரு நான்கு சதுர உருவம் மிஞ்சும். தலையின் ஒரு முனையை எடுத்தால் வேறொரு நான்கு சதுர உருவம் மிஞ்சும். இரண்டுமே தாயாகலாம். எந்தத் திசையில் வரைந்தாலும், எந்த வரிசையில் வரைந்தாலும் மாறாத ஒரு விதியால் ‘கடைசியாகச் சேர்ந்த சதுரம் இதுதான்’ என்று முடிவுசெய்ய வேண்டும் என்கிறார் மெக்கே. விதி கைப்பிடி நுனியைக் காட்டினால், நுனியைச் சேர்த்து உருவாக்கிய சுத்தியல் மட்டும் செல்லும். தலைமுனையைச் சேர்த்து உருவாக்கியது செல்லாது. விதி இடது முனையைக் காட்டியிருந்தால் வலது முனையும் அதுவாகவே கொள்ளப்படும், இரண்டும் ஒன்றின் பிம்பம் ஒன்று என்பதால். தாயின் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு: தாயின் சமச்சீரால் ஒன்றாகிவிடும் இடங்களில் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால், ஒவ்வோர் உருவமும் சரியாக ஒருமுறை வெளிவரும்.

இதன் பயன் வேதியியல் வரை போகிறது. ஃபுல்லரீன்கள் ஐங்கோணமும் அறுங்கோணமும் கொண்டு மூடிய கார்பன் கூடுகள். ஐங்கோணங்கள் எப்போதும் 12. அது மூலை, விளிம்பு, முகங்களின் எண்ணிக்கைகளை இணைக்கும் ஆய்லரின் சூத்திரம் விதித்தது. 1985-இல் கண்டறியப்பட்ட 60 அணுக் கூடு கால்பந்து போல இருக்கிறது. அதே 60 அணுக்களைக் கொண்டு மொத்தம் 1,812 கூடுகளை வரையலாம். அவற்றில் ஐங்கோணங்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது கால்பந்து ஒன்றுதான். இந்த வாக்கியத்தை எழுதவே முழுப் பட்டியல் வேண்டும்.

பட்டியலிட வந்த முதல் முறைகளில் ஒன்று, 1991-இல், கூட்டை ஆரஞ்சுத் தோல் போல ஒரே சுருளாக உரித்துப் பார்த்தது. உரித்த நாடாவில் ஐங்கோணமும் அறுங்கோணமும் வரும் வரிசையே அந்தக் கூட்டின் பெயர். சிறிய கூடுகளுக்கு இது அழகாக வேலைசெய்தது. ஆனால் எல்லாக் கூடுகளையும் அப்படி உரித்துவிட முடியாது. எங்கே தொடங்கினாலும் சுருள் நடுவில் முட்டி நின்றுபோகும் கூடு ஒன்று 380 அணுக்களில் இருக்கிறது. சுருள் முறையை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கூடு பட்டியலில் வந்திருக்கவே வராது. வரவில்லை என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சுருளை நம்பாத ‘ஃபுல்ஜென்’ என்ற நிரல் பிறகு வந்து, பல ஆண்டுகள் இந்தத் துறையின் அளவுகோலாக இருந்தது. 2012-இல் குன்னார் பிரிங்க்மன், யான் குட்கபூர், மெக்கே ஆகியோர் சிறிய கூடுகளிலிருந்து பெரியவற்றை வளர்க்கும் புதிய நிரலை, மெக்கேயின் தாய் விதியோடு எழுதினார்கள். அது மூன்றரை மடங்குக்கும் மேல் வேகமாக ஓடியது. 136 அணுக்களிலிருந்து பழைய நிரலைத் தடுமாற வைத்த ஒரு பிழையும் அப்போது வெளிப்பட்டது. அந்தப் பிழை கணிதத்தில் இல்லை, நிரலை எழுதியதில்தான் இருந்தது. நிரூபிக்கப்பட்ட அல்காரிதம் வேறு, ஓடுகிற நிரல் வேறு. இந்த இடைவெளி எனக்கு எப்போதும் சற்று அச்சம் தருவது. புதிய நிரல் 400 அணுக்கள் வரை எண்ணிக்கையைத் தந்தது. 380-க்குக் கீழே உரிக்க முடியாத கூடு எதுவும் கிடையாது என்பதும் அதனால் உறுதியானது.

பட்டியலே நிரூபணத்தின் தூணாக இருக்கும்போது இந்த அச்சம் இன்னும் கூர்மையாகிறது. சமமான உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் வழி, பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்குவதுபோன்ற அடுக்குதான் என்று 1611-இல் கெப்ளர் ஊகித்தார். 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் அதற்கு நிரூபணம் அறிவித்தார். ஓர் உருண்டையைச் சுற்றி மற்றவை நிற்கும் அமைப்புகளைத் தளத்தில் வரையக்கூடிய கோட்டுருக்களாக (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படங்களாக) மாற்றி, ஊகத்தை முறியடிக்க வாய்ப்புள்ள கோட்டுருக்கள் அனைத்தையும் ஒரு நிரலைக் கொண்டு பட்டியலிட்டார். அதில் 5,128 இருந்தன. ஒவ்வொன்றும் உண்மையில் ஊகத்தை முறியடிக்காது என்று தனித்தனியே காட்டினார். பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டிருந்தாலும் நிரூபணம் விழுந்துவிடும். சரிபார்த்த குழு ஆண்டுக்கணக்கில் போராடிவிட்டு, 99 சதவீதம் உறுதி என்றுதான் சொன்னது.

ஆகவே ஹேல்ஸ் முழு நிரூபணத்தையும் கணினியே வரிக்கு வரி சோதிக்கும் வடிவில் திரும்ப எழுதும் பணியைத் தொடங்கினார். அது 2014-இல் முடிந்தது. கோட்டுருப் பட்டியலின் பங்கை ஜெர்மனியில் டோபியாஸ் நிப்கோவ் குழு ஏற்றது. பட்டியலிடும் நிரலை ஒரு நிரூபணச் சோதனைக் கருவிக்குள்ளேயே எழுதி, அது எதையும் விடாது என்பதை அந்தக் கருவியின் முன்னாலேயே நிரூபித்து, பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. ஹேல்ஸின் பட்டியலில் எதுவும் விடுபட்டிருக்கவில்லை. வேண்டாதவை மட்டும் நிறைய இருந்தன. 5,128-இல் 2,771 போதுமாக இருந்தது.